டபுள் பேஸின் வயிற்றுக்குள்

வயலின் குடும்பத்தின் மிகப் பெரிய கருவியான டபுள் பேஸின் ஓசை மங்கினால் முதலில் தந்தி மாற்றுகிறார்கள். பிறகு வில்லுக்கு வேறு ரோஸின் (வில்லின் மயிரில் தேய்க்கும் பிசின்). அதற்கும் சரியாகாவிட்டால் தந்திகளைத் தாங்கி நிற்கும் குதிரையைச் செதுக்கித் தரச் சொல்கிறார்கள். மேல்பலகையில் எஃப் வடிவில் வெட்டிய எஃப் துளைக்குள் டார்ச் அடித்துப் பார்க்கும் எண்ணம் கடைசியில்தான் வருகிறது. இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போட வேண்டும். புதுத் தந்தி தரும் மாற்றத்தைவிட உள்ளே மேல்பலகைக்கும் பின்பலகைக்கும் நடுவே நிற்கும் சவுண்ட் போஸ்ட் 3 மில்லிமீட்டர் நகர்ந்தால் வரும் மாற்றம் பெரும்பாலும் பெரியது. உள்ளே ஒரு குறுக்குச்சட்டம் ஒட்டு விட்டுக் கழன்றிருந்தால் எந்தத் தந்தியாலும் அதைச் சரிக்கட்ட முடியாது.

இந்தக் கருவிக்குப் பிறவியிலேயே ஒரு சிக்கல் உண்டு. அதைப் புரிந்துகொண்டால் உள் உறுப்புகள் ஒவ்வொன்றும் ஏன் அங்கே இருக்கிறது என்பது தானாகவே விளங்கும். கீழ் ஈ தந்தியின் அதிர்வெண் சுமார் 41 ஹெர்ட்ஸ். காற்றில் அந்த ஒலியின் அலைநீளம் 8 மீட்டருக்கு மேல். பேஸின் உடலோ, வழக்கமான முக்கால் அளவில், ஏறக்குறைய 110 செ.மீ. இவ்வளவு சிறிய பெட்டியால் அவ்வளவு நீள அலையைத் திறமையாக வெளியே தள்ள முடியாது. ஆகவே ஈ தந்தியில் நாம் கேட்பதில் பெரும்பங்கு 82, 123, 165 ஹெர்ட்ஸில், அதாவது 41-இன் இரண்டு, மூன்று, நான்கு மடங்கில், வரும் மேல் இசைவுகள்தான். அவற்றை வைத்துக் காதே அடிச்சுரத்தைக் கட்டிக்கொள்கிறது. அந்த மேல் இசைவுகளாவது தெம்பாக வெளியேற வேண்டுமானால், மரப்பலகை கணிசமான காற்றை ஒரே திசையில் தள்ள வேண்டும். பேஸுக்குள் இருக்கும் உறுப்புகளின் தலையாய வேலை இதுதான்.

வில் தந்தியைப் பக்கவாட்டில்தான் இழுக்கிறது. குதிரையும் அதற்கேற்ப இடமும் வலமுமாக ஆடுகிறது. ஒரு கால் கீழே அமுங்கும்போது மற்றது மேலே எழும்பும். மேல்பலகை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் ஒரு பாதி வெளியே தள்ளும் காற்றை மறுபாதி உள்ளே இழுத்துக்கொள்ளும். இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிட, வெளியே வருவது மெலிந்த ஓசைதான். மிக மெல்லிய ஜி தந்திப் பக்கக் காலுக்குச் சற்றுப் பின்னால் சவுண்ட் போஸ்ட்டை நிறுத்தினால் அந்தப் பக்கம் ஏறத்தாழ அசையாத ஊன்றுபுள்ளி ஆகிவிடுகிறது. ஈ தந்திப் பக்கக் கால் மட்டும் பலகையைப் பம்பு மாதிரி ஏற்றி இறக்குகிறது. அந்தக் காலுக்குக் கீழே நீளவாக்கில் ஒட்டியிருக்கும் பேஸ் பார், அந்த ஏற்ற இறக்கத்தைப் பலகையின் மேற்பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் பரப்புகிறது.

சவுண்ட் போஸ்ட் ‘ஓசையைப் பின்பலகைக்குக் கடத்துகிறது’ என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். கொஞ்சம் கடத்துகிறது, உண்மைதான். ஆனால் கீழ்ச்சுரங்களில் அதன் பெரிய பங்கு சமச்சீரைக் குலைப்பது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் போஸ்ட்டை நகர்த்தும்போது கேட்கும் மாற்றங்களுக்குக் காரணம் புரியும். கடத்துவதுதான் முழு வேலை என்று நினைப்பவர்கள் இன்னும் தடியான, இன்னும் இறுக்கமான போஸ்ட்டைத் தேடிப் போகிறார்கள். முடிவில் மேல்பலகையைக் கீறலில் கொண்டுபோய் விடுகிறார்கள்.

மரம் ஒரு பக்கம் இருக்க, உள்ளே அடைபட்ட காற்றும் தன் பங்குக்கு அதிர்கிறது. இதை ஹெல்ம்ஹோல்ட்ஸ் அதிர்வு என்பார்கள். முக்கால் அளவு பேஸில் இது பெரும்பாலும் 60 முதல் 70 ஹெர்ட்ஸுக்குள் விழும். ஏ தந்தியில் பி, சி, சி ஷார்ப் சுரங்களை மெதுவாக, ஒரே அழுத்தத்தில் வாசித்துப் பாருங்கள். அதில் ஏதோ ஒன்று சட்டென்று உப்பி நிறைந்து ஒலித்தால் அதுதான் உங்கள் பேஸின் காற்றுச்சுரம். பெட்டியின் கொள்ளளவு கூடினால் அது இறங்கும், எஃப் துளையின் பரப்பு கூடினால் ஏறும். பலகைகள் மெலிந்து நெகிழ்வாக இருந்தாலும் இறங்கும். இந்த வட்டாரத்துக்குக் கீழே போகப் போக அடிச்சுரத்தின் பலம் வேகமாகக் குறைகிறது. ஈ தந்தியின் முதல் சில சுரங்கள் பல பேஸ்களில் சோர்ந்து ஒலிப்பதற்கு இதுவே காரணம்.

உள் உறுப்புகள் தாங்கும் பாரத்தையும் பார்த்துவிடலாம். எஃகுத் தந்தி நான்கின் மொத்த இழுவிசை ஏறத்தாழ 115 முதல் 120 கிலோ. குதிரையின் மேல் தந்தி மடியும் கோணம் 150 பாகையாக இருந்தால், அந்த இழுவிசையில் பாதிக்குச் சற்று அதிகமாகவே, அதாவது சுமார் 60 கிலோ, குதிரையைக் கீழ்நோக்கி அழுத்தும். இரவும் பகலும் இறங்காத பாரம் இது. அதைத் தாங்கும் ஸ்ப்ரூஸ் (ஊசியிலை மரம்) மேல்பலகையோ நடுவில் 8 முதல் 10 மி.மீ., ஓரங்களில் 5, 6 மி.மீ. கனம்தான்.

இனி போஸ்ட்டுக்கு வருவோம். நன்கு உலர்ந்த, இழை நேராக ஓடும் ஸ்ப்ரூஸ் உருளை அது. அறுத்ததைவிடப் பிளந்து எடுத்த மரம் நல்லது, ஏனென்றால் பிளவு இழையோடுதான் ஓடும். விட்டம் 18, 19 மி.மீ. வட்டாரம். எஃப் துளை வழியாகத்தான் உள்ளே போக வேண்டும் என்பதால் துளையின் அகலமே உச்சவரம்பு. பசை கிடையாது. இரண்டு பலகைகளுக்கும் நடுவே பிடிப்பில் மட்டுமே நிற்கிறது. மேல்பலகையின் இழை பேஸின் நீளவாக்கில் ஓடுகிறது. போஸ்ட்டின் ஆண்டு வளையக் கோடுகள் அதற்குக் குறுக்காக வரும்படி திருப்பி நிறுத்த வேண்டும். இணையாக நிறுத்தினால் போஸ்ட்டின் கெட்டி வளையங்கள் மேல்பலகையின் மெத்தென்ற கோடுகளுக்குள் அழுந்திப் பள்ளம் விழும்.

இரண்டு முனைகளும் பலகையின் உள்வளைவோடு முழுப் பரப்பிலும் பொருந்த வேண்டும். இதில்தான் வேலையின் முக்கால் பங்கு இருக்கிறது. முனையில் ஒரு ஓரம் மட்டும் தொட்டு மறு ஓரத்தில் காகிதம் நுழையும் இடைவெளி இருந்தால் போஸ்ட் தாங்கும் பாரம் முழுதும் அந்தச் சிறு ஓரத்தில் இறங்கும். பலகையில் பிறைவடிவப் பள்ளம் பதியும். நாளடைவில் அங்கிருந்தே இழையோடு கீறல் ஓடும். போஸ்ட் கீறல் என்று இதைச் சொல்வார்கள். சரிசெய்ய மேல்பலகையைக் கழற்றி, உள்ளே குழித்து, புது மரம் பதிக்க வேண்டியிருக்கும். ஆகவே முனையைக் கூரான உளியால் வேலை செய்யுங்கள். ஒவ்வொரு தடவையும் வெங்காயத்தோல் கனத்துக்குச் சீவி, உள்ளே நிறுத்தி, பல்மருத்துவர் வைத்திருப்பது போன்ற கண்ணாடியாலும் விளக்காலும் நான்கு பக்கமும் பாருங்கள். உப்புத்தாள் வேண்டாம், அது ஓரங்களை உருட்டிவிடும்.

போஸ்ட் நேராக நிற்கிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. தந்திகளை இறக்கி, குதிரை விழாமல் ஒருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, பேஸைத் தரையில் ஊன்றும் எண்ட் பின்னை உருவுங்கள். ஒரு எஃப் துளையில் விளக்கை வைத்துவிட்டு எண்ட் பின் துளையில் கண்ணை வையுங்கள். உள்ளே முழு மண்டபமும் தெரியும். நடுவில் தூண் மாதிரி போஸ்ட், ஒரு பக்கம் நீளமாக ஓடும் பேஸ் பார், எதிரே கழுத்தைத் தாங்கும் கழுத்துக்கட்டை. போஸ்ட் இடமோ வலமோ சாய்ந்திருந்தால் இங்கிருந்து உடனே பிடிபடும். முன்பின் சாய்வை எஃப் துளை வழியாகக் கண்ணாடி வைத்துத்தான் பார்க்க முடியும்.

இடம் எது? குதிரைக் காலின் பின் விளிம்பிலிருந்து போஸ்ட்டின் அருகு விளிம்பு வரை 10 முதல் 20 மி.மீ. இருப்பது நல்ல தொடக்கம். காலை நெருங்க நெருங்க ஊன்றுபுள்ளி கெட்டிப்படும். ஓசை கூர்மையாகும், வில் பட்டவுடன் சுரம் பிடிக்கும், ஆனால் கீழே சதைப்பிடிப்பு குறையும். தள்ளிப் போகப் போகப் பலகை தளர்ந்து ஆடும், ஓசை இருண்டு அகலும். ரொம்பத் தள்ளினால் சுரத்தின் விளிம்பு கரைந்து, பெரிய அரங்கில் பின்வரிசைக்கு வெறும் முழக்கமாகப் போய்ச் சேரும். பக்கவாட்டு நகர்வு இதைவிடக் குழப்பமானது. பலகை வளைந்திருப்பதால் உள் உயரம் நடுவில் அதிகம், ஓரத்தில் குறைவு. அதே போஸ்ட்டை எஃப் துளைப் பக்கம் நகர்த்தினால் இறுகும், நடுவை நோக்கி நகர்த்தினால் தளரும். இடம் மாறியதால் ஓசை மாறியதா, இறுக்கம் மாறியதால் மாறியதா என்று பிரித்துச் சொல்லவே முடியாது. ‘வெளியே தள்ளினால் இப்படி, உள்ளே தள்ளினால் அப்படி’ என்று சுற்றிவரும் பட்டியல்கள் ஒன்றுக்கொன்று முரண்படுவதற்குக் காரணம் இதுவே என்பது என் கருத்து. பக்கவாட்டில் கணிசமாக நகர்த்த வேண்டுமென்றால் அந்த இடத்துக்கென்று புதுப் போஸ்ட் வெட்டுவதே நேர்மையான வழி.

நகர்த்தும் முன் பழைய இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கெட்டி அட்டைத் துண்டு ஒன்றை எஃப் துளை வழியாக நுழைத்து, துளை விளிம்பிலிருந்து போஸ்ட் வரையுள்ள தூரத்தைப் பென்சிலால் அடையாளமிட்டால் போதும். போஸ்ட்டின் எந்த முகம் எஃப் துளையைப் பார்த்து நிற்கிறது என்பதற்கும் ஒரு பென்சில் கோடு போடுங்கள். முனைகள் அந்தத் திசைக்கு வெட்டியவை, சற்றுத் திரும்பினாலே பொருத்தம் போய்விடும். தந்திகளை ஒன்றிரண்டு சுரம் இறக்குங்கள், முழுக்கத் தளர்த்த வேண்டாம். பிறகு வளைந்த போஸ்ட் கம்பியால் மேல்முனையையும் கீழ்முனையையும் மாறி மாறித் தட்டி, ஒரு தடவைக்கு 2 மி.மீ. மட்டும் நகர்த்துங்கள். சுருதி ஏற்றியதும் குதிரை நிமிர்ந்து நிற்கிறதா என்று பாருங்கள். அன்றைக்கே தீர்ப்பு எழுதாமல், மறுநாளும் வாசித்துக் கேளுங்கள். மரம் புது அழுத்தத்துக்குப் பழக நேரம் எடுக்கும்.

போஸ்ட் அதிக நீளமாக இருந்தால் ஜி பக்க எஃப் துளையே காட்டிக்கொடுக்கும். துளையின் உள் விளிம்பு, வெளி விளிம்பைவிட மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். ஓசை இறுகி, மூக்கடைத்தது போல வரும். நீளம் குறைவாக இருந்தால் தந்தி மாற்றும்போது விழும். எல்லாத் தந்திகளையும் ஒரே நேரத்தில் கழற்றக்கூடாது என்பது இதனால்தான். தந்தி முறுக்கில் இருக்கும்போதே போஸ்ட் விழுந்துவிட்டால் வேறு எதையும் பார்க்க வேண்டாம். உடனே நான்கு பிருடைகளையும் தளர்த்துங்கள், பேஸை மல்லாக்கப் படுக்க வையுங்கள். முட்டுக்கொடுக்க ஆளில்லாத மேல்பலகை குதிரைக்குக் கீழே உள்வாங்கி எஃப் துளை ஓரத்தில் பிளந்துவிடக்கூடும்.

பேஸ் பார் விஷயத்தில் வெளியிலிருந்து செய்ய முடிந்தது கொஞ்சம்தான். மேல்பலகையைக் கழற்றாமல் அதைத் தொட முடியாது. உடல் நீளத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீளம், 20 முதல் 25 மி.மீ. அகலம், குதிரைக்கு நேர் கீழே 35, 40 மி.மீ. உயரம், முனைகளில் தாழ்ந்து முடியும் ஸ்ப்ரூஸ் சட்டம். இதன் கெட்டித்தன்மை அகலத்தோடு நேராகவும் உயரத்தின் முப்படியோடும் (உயரம் × உயரம் × உயரம்) கூடும். 40 மி.மீ. உயரத்தை 36 ஆக்கினால், பத்தில் ஒரு பங்குதான் சீவுகிறோம், சட்டத்தின் கெட்டித்தன்மையோ 27 சதவீதம் போய்விடுகிறது. கனமான, கெட்டியான பார் வைத்த பேஸில் ஈ தந்தி அடைத்துக்கொண்டு வரும். மெலிந்த பார் வைத்ததில் முதலில் முழக்கம் தாராளமாக இருக்கும், வருடங்கள் போகப் போக ஈ பக்கத்து மேல்பலகை உட்காரத் தொடங்கும். பழைய ஜெர்மன் தொழிற்சாலைப் பேஸ்கள் சிலவற்றில் பாரைத் தனியாக ஒட்டாமல் மேல்பலகை மரத்திலேயே செதுக்கி விட்டிருப்பார்கள். அந்த இழை பாருக்கு ஏற்றபடி ஓடாது, பலம் குறைவு. பழுதுக்கு மேல்பலகையைத் திறக்கும் வாய்ப்பு வந்தால் புதுப் பார் வைத்துவிடலாம்.

வெளியிலிருந்து சரிபார்க்கக்கூடியது ஒன்று உண்டு. ஈ பக்கக் குதிரைக் கால், பாரின் மேல் உட்கார்ந்திருக்கிறதா? வளைத்த கம்பியை எஃப் துளைக்குள் விட்டுப் பாரின் வெளி விளிம்பைத் தடவி, அதன் தூரத்தை மேற்புறத்தில் அளந்து பாருங்கள். புதுக் குதிரை வாங்கும்போது கால்களுக்கு இடையிலான அகலத்தைக் கவனிக்காமல் குறுகலானதைப் போட்டால் கால் பாரை விட்டு உள்ளே விழும். கீழ்ச்சுரங்கள் மெலிந்துவிடும். பழியை வீணாகத் தந்தி சுமக்கும்.

பின்பலகை இரண்டு வகை. வயலின் மாதிரி வளைத்துச் செதுக்கியது ஒன்று, தட்டையானது மற்றது. தட்டைப் பின்பலகை மெல்லிய மேப்பிள் தகடு. தனியாக நிற்கத் தெம்பில்லாததால் உள்ளே ஸ்ப்ரூஸ் குறுக்குச்சட்டங்கள் ஒட்டியிருப்பார்கள். போஸ்ட் நிற்கும் இடத்தில் மட்டும் அகலமான சட்டம். தட்டையானது சட்டென்று பதில் சொல்லும், சுரத்துக்குச் சுரம் குணம் மாறும். வளைந்தது சீராக, வழவழப்பாக ஒலிக்கும். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் இப்படித்தான் சொல்வார்கள், கேட்பதும் பெரும்பாலும் அப்படித்தான்.

தட்டையான பலகையில் தொல்லை தருவது ஈரப்பதம். மரம் இழைக்குக் குறுக்கே சுருங்கி விரியும், நீளவாக்கில் கிட்டத்தட்ட மாறாது. மேப்பிள் பலகை அகலவாக்கில் சுருங்கப் பார்க்கிறது. அதே திசையில் நீளமாக ஒட்டிய ஸ்ப்ரூஸ் சட்டம் விடமாட்டேன் என்கிறது. காற்று வறண்டால் பலகை உள்நோக்கிக் குழிந்து போஸ்ட்டை இறுக்கும். ஈரம் ஏறினால் வெளியே புடைத்துப் போஸ்ட் தளரும். கூடவே மேல்பலகையும் எழும்பித் தந்தியின் உயரம் கூடும். இழுபறி முற்றினால் பசை விட்டுச் சட்டம் கழலும், அல்லது பலகை பிளக்கும். குளிரும் கோடையும் கடுமையாக மாறும் ஊர்களில் பருவத்துக்கு ஒரு போஸ்ட் என்று இரண்டு வைத்திருப்பது வழக்கம். சென்னை மாதிரி கடலோர ஊரில் சிக்கல் வேறு வடிவத்தில் வருகிறது. வீட்டில் புழுக்கம், ஒலிப்பதிவுக் கூடத்தில் ஏசி. ஒரே நாளில் இரண்டு பருவம். அறையின் ஈரப்பதத்தை 40 முதல் 60 சதவீதத்துக்குள் வைக்கப் பாருங்கள். அது முடியாவிட்டால், உயரத்தைத் திருகால் மாற்றக்கூடிய குதிரை தந்தி உயரத்துக்கு உதவும், போஸ்ட்டின் இறுக்கத்துக்கு உதவாது.

கட்டைகளும் உள்பட்டைகளும் ஓசைக்கு மறைமுகமாகத்தான் பங்களிக்கின்றன. பக்கச்சுவர் 2, 3 மி.மீ. கனம் மட்டுமே. அதன் விளிம்பில் பலகையை ஒட்டப் போதிய பரப்பு கிடைக்க உள்ளே மெல்லிய பட்டை ஓடும். கழுத்துக்கட்டை தளர்ந்தால் கழுத்து முன்னால் சாய்ந்து தந்தி மெல்ல மெல்ல உயரும். பலகைகளை ஒட்ட, விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் வச்சிரப் பசைதான், அதுவும் மேல்பலகைக்கு நீர்க்கக் காய்ச்சியது. பலகை சுருங்கும்போது ஒட்டு விட்டுக்கொடுத்தால் மறுபடி ஒட்டிவிடலாம். ஒட்டு பிடிவாதமாக நின்றால் பலகைதான் பிளக்கும். கடையில் கிடைக்கும் வெள்ளைப் பசையை அங்கே ஊற்றுவது அடுத்த பழுதுக்காரருக்குச் செய்யும் அநியாயம்.

கரகரப்பு கேட்டால் விரல் முட்டியால் விளிம்பு முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். ஒட்டு விட்ட இடத்தில் ஓசை சட்டென்று தளர்ந்து, இரண்டு மரம் மோதுவது போல வரும். விளிம்பு நன்றாக இருந்தால், கரகரக்கும் சுரத்தை ஒருவர் வாசிக்க, இன்னொருவர் பின்பலகையில் உள்ளங்கையை ஒவ்வொரு இடமாக அழுத்திப் பார்க்கட்டும். எங்கே அழுத்தும்போது நிற்கிறதோ அதையொட்டிக் குறுக்குச்சட்டமோ, பழைய கீறலுக்கு ஒட்டிய மரத்துண்டோ கழன்றிருக்கும்.

கடைசியாக ஓநாய்ச்சுரம். உடலின் பலமான மர அதிர்வு ஒன்று 100 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில், ஜி, ஏ சுரங்களை ஒட்டி, இருப்பது வழக்கம். தந்தி அதே சுரத்தில் அதிரும்போது உடல் தந்தியின் சக்தியை அளவுக்கு மீறி உறிஞ்சிக்கொள்ளும். நெருங்கிய இரண்டு அதிர்வுகள் ஒன்றோடொன்று மோதி ஓசை ஊளையிட்டுத் தடுமாறும், வில்லால் பிடித்து நிறுத்த முடியாது. தடித்த தந்தியில் மேல் இடங்களில் இது இன்னும் மோசம். போஸ்ட்டை நகர்த்தினால் அந்த அதிர்வின் சுரம் கொஞ்சம் இடம் மாறும். இரண்டு சுரங்களுக்கு நடுவே தள்ளிவிட்டால் ஓரளவு தப்பிக்கலாம். குதிரைக்குக் கீழே, தந்திகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் டெயில் பீஸ் வரையுள்ள தந்தித் துண்டில் மாட்டும் பித்தளை எடை அடுத்த வழி. அதுவும் போதாவிட்டால் மேல்பலகையின் உள்பக்கம் சிறு எடை வைக்கலாம். முதலில் வெளியே மெழுகுக் களிமண் உருண்டையை ஈ பக்க எஃப் துளைக்குக் கீழே இடம் மாற்றி மாற்றி ஒட்டி வாசித்துப் பாருங்கள். ஊளை அடங்கும் இடம் தெரிந்ததும், அதே எடையுள்ள மரத்துண்டை உள்ளே அந்த இடத்துக்கு நேராக வச்சிரத்தால் ஒட்டுங்கள். வெந்நீரில் நனைத்த துணி பட்டால் விட்டுக்கொடுக்கும் பசை அது, பின்னால் போஸ்ட் மாறும்போது அந்த எடையையும் இடம் மாற்ற வேண்டிவரும்.